இறங்கிடுச்சு, இறங்கி வாங்க

வண்டியை மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திவைக்கிறவர்கள் எல்லாரும் என் கடைக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தால் பேட்டரி சாகாமல் இருக்குமா? கேட்கும்போதே ஆமாம் என்று தலையையும் ஆட்டிக்கொள்வார்கள். இருக்காது, ஐயா. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது ஊரே நம்புகிற பொய். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கும்போது பேட்டரியிலிருந்து போவது ஒரு குடம் தண்ணீர் என்றால், நின்றபடி ஓடும் எஞ்சின் திருப்பி ஊற்றுவது ஒரு டம்ளர். வாராவாரம் இப்படியே செய்தால் குடம் ஒரு நாள் காலியாகிவிடும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். மாதம் ஒரு முறை பேட்டரியை என்னைப் போல ஒருவனிடம் கொண்டுவந்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த அலைச்சலும் வேண்டாம் என்றால், வீட்டுச் சுவரில் மாட்டுகிற சின்னச் சார்ஜர் இருக்கிறது. அது சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நிறைந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். வியாபாரம் போகுமே என்றுகூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒருவரிடம்தான் சொல்லவில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கொஞ்சம் ஆற அமரச் சொல்ல விடுங்கள். தாழ்ப்பாளை யார் போட்டது என்றுதான் நீங்கள் வந்ததிலிருந்து கேட்கிறீர்கள். அதற்கும் வருவேன். என்னிடம் ஒருவர் இவ்வளவு நேரம் முகம் கொடுத்துப் பேசி நாளாகிறது, அதனால் அவசரப்பட மனம் வரவில்லை.

எங்கள் கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கீழே அவர் வீடு, மேலே என் அறை. அவர் வீட்டை ஒட்டித் தெருப்பக்கம் ஷட்டர் வைத்த ஒரு சின்ன அறை, அது வண்டிக்கு. அந்த அறையிலிருந்து மாடிப்படிக்கு ஒரு கதவு உண்டு. என் கடை தெருமுனையில். காலையில் இறங்கிப் போனால் மாலையில் ஏறி வருவேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் காரணம் என்று எதுவும் இல்லை. எனக்கென்று எடுத்துப் பேச யாரும் இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை, வயது அதுபாட்டுக்குப் போய்விட்டது. அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. வானொலி ஒன்று இருந்தது. அதுவும் பழுதான பிறகு சரிபண்ணவில்லை. ஒரு பக்கம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அவரைத் தெருவே டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடும். சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே ஆயிரக்கணக்கான பேரிடம் பேசிப் பழகியதால், எதிரில் ஆளே நின்றாலும் தலையைக் கொஞ்சம் குனிந்து, கண்ணை மட்டும் மேலே தூக்கித்தான் பேசுவார். தெருவில் யாராவது அவரைத் தாண்டிப் போனால், "என்ன, பால்கனியா, தரையா?" என்று கேட்பார். தியேட்டரை இடித்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. கணவர் இல்லை. ஒரே மகன், கப்பலில் சமையல்காரன். கப்பல்காரன் என்றே சொல்வோம். போனால் ஆறேழு மாதத்துக்குக் கண்ணில் பட மாட்டான்.

வண்டி அவனுடையது. முதல் சம்பளத்தில் வாங்கியது. பழைய மாடல், கனமான பைக், உதைத்து ஸ்டார்ட் செய்ய அக்காவால் ஆகாது, பொத்தான்தான். அவன் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்து அக்கா அதற்குச் சின்னவன் என்றே பேர் வைத்துவிட்டார். மூத்தவன் கப்பலுக்குப் போய்விட்டான், சின்னவன் வீட்டோடு இருக்கிறான் என்று சொல்லிச் சிரிப்பார்.

வண்டி வாங்கிய பிறகு முதல் தடவை கப்பலுக்குக் கிளம்பும்போது அவன் என்னைக் கீழே கூப்பிட்டான். "மாமா, பேட்டரி செத்துடாமப் பாத்துக்கோங்க. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை அம்மா ஸ்டார்ட் பண்ணி விடுவாங்க. போதும்ல?" என்றான். அவனும் கேட்கும்போதே தலையை ஆட்டிக்கொண்டான். போதாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நெகட்டிவ் ஒயரைக் கழற்றக் கையில் ஸ்பானர்கூட இருந்தது. அதற்குள் அக்கா, "ஏதாவது ஆச்சுன்னா மேல இருந்து உங்களைக் கூப்பிட்டுக்கறேன், என்ன சார்ஜ் சார்?" என்றார். அதுவரை அவர் எனக்குப் பேர் வைத்ததில்லை. நான் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போதும் என்றேன்.

இவ்வளவுதான் ஆரம்பம். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

சில வாரங்கள் வண்டி ஸ்டார்ட் ஆனது. பிறகு ஒரு ஞாயிறு காலை கீழேயிருந்து பொத்தானை அமுக்குகிற சத்தம் டிக், டிக் என்று வந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியின் அடியில் நின்று அவர் குரல் கொடுத்தார். "சார்ஜ் சார்! இறங்கிடுச்சு, இறங்கி வாங்க!" சொல்லிவிட்டு அந்த வார்த்தையின் ஜோடிப் பொருத்தம் அவருக்கே பிடித்துப்போய் சிரித்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஏற்றி, சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்து, டிக்கெட் கிடைக்காமல் அழுதவர்கள் கதை, ஒரே படத்துக்குத் தினமும் வந்த ஒருவர் கதை என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் பேசினேன், ஐயா. என்னிடம் அவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. நான் குளித்து, சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவர் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடுவார்? வேலைதான் முடிந்துவிட்டதே. அன்றைக்கு நான் மத்தியானம் சமைக்கவில்லை. கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? என் வயதில், ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதற்காக அழுதேன்.

அதற்குப் பிறகு பேட்டரியை நான் முழுதாக ஏற்றவில்லை. அரை வயிற்றுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புகிற மாதிரி, பாதி ஏற்றியதும் எடுத்துவிடுவேன். அரைகுறையாக வைத்தால் உள்ளே ஈயத் தகட்டில் வெள்ளையாகப் படிந்து, பேட்டரியின் ஆயுளே குறைந்துவிடும். அது தெரிந்துதான் செய்தேன். தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத காரியம். இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி இறங்குகிறதே என்று அக்கா ஃபோனில் மகனிடம் சொல்லியிருக்கிறார். அவன் பாசக்காரப் பையன். எங்கிருந்தோ விசாரித்து, நான் சொன்னேனே, சுவரில் மாட்டுகிற சார்ஜர், அதை வாங்கி என் கடை முகவரிக்கு அனுப்பிவிட்டான். நீங்கள் என் அலமாரியிலிருந்து எடுத்த பெட்டி அதுதான். நல்ல சாமான். அதை மாட்டியிருந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அக்காவிடம், அது ராத்திரி பகலாக ஓடுகிற சாமான், சூடேறித் தீப்பிடிக்கும் என்றேன். தியேட்டரில் வேலை செய்தவர்களுக்குத் தீ என்றாலே குலை நடுங்கும். "ஐயையோ, வேணவே வேணாம் சார். ஆனா பையன் ஆசையா அனுப்பியிருக்கானே, மனசு கஷ்டப்படுவானே" என்றார். மாட்டியாச்சு என்றே சொல்லிவிடுங்கள், நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று அன்றைக்கு உண்டானது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அவன் என்னிடம் கேட்டபோதும் மாட்டியாச்சு என்றுதான் சொன்னேன். சார்ஜர் மாட்டிய பிறகும் அம்மா ஏன் வண்டியை ஸ்டார்ட் செய்தார் என்று அவன் உங்களிடம் கேட்ட கேள்வி நியாயமானது. அவனைச் சந்தேகப்படாதீர்கள்.

ஷட்டர் விஷயம் என் யோசனை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டில் கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி உறுமினால் எழுந்துவிடுகிறது, புகை வேறு வருகிறது என்று அந்தப் பெண் வந்து முறையிட்டாள். அக்காவுக்கு யார் மனமும் நோகக் கூடாது. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு ஓடவிடுங்கள் என்றேன். ஜன்னலில் மழைச் சாரலுக்காகச் சாக்கு அடைத்திருந்தது, அது அப்படியே இருந்தது. மாடிப்படிக் கதவைச் சாத்தச் சொன்னதும் அவர்தான், காயப்போட்ட துணியில் புகை நாற்றம் பிடிக்கிறதாம். அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் படிப்பக்கம் இருக்கிறது. அதனால் அவர் உள்ளே போனதும் நான் படிப்பக்கமிருந்து போடுவேன், முடிந்ததும் தட்டுவார், எடுத்துவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, பார்த்தீர்களா.

கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பத்தாது என்று சொன்னது மட்டும் நான். எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும், பாதியில் அணைந்துவிடும், அதனால் பக்கத்திலேயே உட்காருங்கள் என்றேன். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பழைய வாரப் பத்திரிகையோடு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவனுக்குக் காவல் இருக்கேன் என்றார்.

முதல் தடவை வெளியே வரும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். தலை கிண்ணென்று இருக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்றார். முகம் சிவந்திருந்தது. பிரஷராக இருக்கும் என்று அவரே சொன்னார். எனக்கு அது என்னவென்று தெரியும். கதவை மூடிக்கொண்டு பட்டறைக்குள் எஞ்சினை ஓடவிடாதே, அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும் என்று என்னிடம் வேலை செய்த பையன்களைத் திட்டியவன் நான். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நான் மாத்திரை வாங்கி வந்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், இருட்டும்வரை அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை கண் விழித்து, "இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையை யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா, ஐயா? உங்களுக்கு வீட்டில் ஆள் இருக்கும். நீங்கள் காதில்கூடப் போட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

அடுத்த வாரமும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவர் பஸ் ஏறித் தன் தங்கை வீட்டுக்குப் போவது வழக்கம். தலைவலி வரத் தொடங்கிய பிறகு அது நின்றது. தங்கைக்குக் கோபம். வருவதும் போவதும் குறைந்தது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திங்கள், செவ்வாய் ஆனால் சரியாகிவிடுவார். சனிக்கிழமை பழையபடி சிரிப்பார். ஞாயிறு மறுபடி படுப்பார். பொருள் மறந்து போனது, பேர் மறந்து போனது. கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவார். "வயசாயிடுச்சு சார், இனிமே டிக்கெட் வாங்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்பார். அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று நான் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொல்வேன்.

நான் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கடையைப் பாதிநேரம் பூட்டினேன். காய்கறி வாங்கிப் போட்டேன், தண்ணீர் பிடித்து வைத்தேன், கரண்ட் பில் கட்டினேன். கூடப்பிறந்த அண்ணன் இருந்தாலும் இப்படிச் செய்வானா என்று எதிர்வீட்டுப் பெண்ணே சொன்னாள். அவர் மேல் எனக்கு வேறு எண்ணம் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். கிடையாது. விரல் நுனிகூட அவர் மேல் பட்டதில்லை. எனக்கு வேண்டியிருந்தது பேச்சுத் துணை. அவர் நோயாளியாகவும் ஆகக் கூடாது, எழுந்து ஓடிவிடவும் கூடாது. அளவாக, சொட்டுச் சொட்டாக வைத்திருந்தேன். அளவு தெரிந்தவன் நான், தொழிலே அதுதானே.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

கப்பல்காரனுக்குத் துறைமுக ஊரில் கேன்டீன் வேலை கிடைத்தது. இனிமேல் கப்பல் இல்லை. அங்கே வீடு பார்த்துவிட்டான். அக்காவின் உடம்பைப் பற்றி அவர் தங்கை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவையும் கூட்டிப்போகிறேன், வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

இதைச் சொல்ல அக்கா மாடி ஏறி வந்தார். அத்தனை வருடத்தில் அவர் என் அறைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். படியேறியதில் மூச்சு வாங்கியது. கதவருகே நின்று, வழக்கம் போலக் குனிந்து உள்ளே பார்த்தார். "ஒரே ஒரு நாற்காலிதானா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் உட்கார்ந்தார், நான் நின்றேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பேரப்பிள்ளை எடுக்கிற வயசு, இனியாவது அவனுக்குக் கல்யாணம் பண்ண வேண்டும், கடல் தெரிகிற வீடாம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அப்ப கிளம்பறீங்க" என்றேன்.

"ஆமா சார். உங்களுக்கும் ஒரு விடுதலை. இனிமே ஞாயித்துக்கிழமை நிம்மதியாத் தூங்குங்க. என்னால உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு."

தொந்தரவு என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னார். வாராவாரம் என்னை வேலை வாங்கிவிட்டோமே என்று அவருக்கு உறுத்தல். நான் அங்கே உட்கார்ந்து சிரித்ததெல்லாம் அவருக்கு ஒரு மெக்கானிக்கின் உபகாரம். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நீங்க போனா எனக்கு யாரு இருக்கா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருக்கலாம். அவர் அன்றைக்கே மகனிடம் சொல்லி எனக்கும் அங்கே ஒரு கடை பார்க்கச் சொல்லியிருப்பார், அப்படிப்பட்ட மனுஷி. எனக்குத்தான் கேட்டுப் பழக்கமில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தது. லாரி மறுநாள். வண்டியைக் கடைசியாக ஒரு தடவை நன்றாக ஓடவிட்டு, அவன் வந்து பொத்தானை அமுக்கியதும் சட்டென்று கிளம்புகிற மாதிரி வைக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. நான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோனேன். வெகு நாளைக்குப் பிறகு முழுதாக ஏற்றினேன். முனைகளைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, கிரீஸ் தடவி, கொண்டுவந்து மாட்டினேன். டேங்கையும் நிரப்பினேன். அக்கா அமுக்கியதும் ஒரே அமுக்கில் பிடித்துக்கொண்டது. "அடேங்கப்பா, சின்னவனுக்கு வந்த வீரத்தைப் பாருங்க" என்று கை தட்டினார். இன்றைக்குக் கூடுதலாக ஓடட்டும், நான் வந்து சொல்கிறவரை அணைக்க வேண்டாம் என்றேன். சரி என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷட்டரை நான்தான் இறக்கினேன். அது உள்ளேயிருந்து பெண்பிள்ளையால் தூக்க முடியாத கனம்.

கடையில் இருந்ததாகவும், வெகுநேரம் அவரைக் காணாததால் சந்தேகப்பட்டு வந்து திறந்ததாகவும் உங்களிடம் முதலில் சொன்னேன். எல்லாரும் அதை நம்பினார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதும், டாக்டரின் காலைப் பிடித்ததும் நடிப்பென்று எழுதிவிடாதீர்கள். நான் நிஜமாகவே அழுதுகொண்டுதான் ஓடினேன். அவன் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, எனக்கு இனிமே உங்களை விட்டா யாரு இருக்கா" என்று கதறினான். இரண்டு நாள் என் அறையில்தான் தூங்கினான். அவனுக்குச் சோறு போட்டேன், தலைவலித் தைலம் தேய்த்துவிட்டேன். அவன் போகும்போது போகாதே என்றுதான் சொன்னேன். இப்போது அவன் என்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று நான் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

தாழ்ப்பாளைப் போட்டது நான். எப்போதும் போடுவதுதான், அன்றைக்கும் போட்டேன். அதன் பிறகு நான் கடைக்குப் போகவில்லை. மாடி ஏறி என் அறைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வண்டி நிற்கும் அறைக்கு நேர் மேலேதான் என் அறை, எஞ்சின் ஓடினால் தரை லேசாக அதிரும், செருப்பைக் கழற்றினால் உள்ளங்காலில் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவைத் தட்டினார். முதலில் மெதுவாக, மரியாதையாக. முடிந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் வேகமாக. சார் என்று கூப்பிட்டார். சார்ஜ் சார் என்று முழுதாகக் கூப்பிடவில்லை, சார் என்று மட்டும். அதுவும் ஒரு தடவை இல்லை. நான் இறங்கிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடலாம் என்றுதான் எழுந்தேன், ஐயா, சத்தியமாக எழுந்தேன். படி பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். ஆனால் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வெளியே வருவார், தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், தேங்க்ஸ் சார் என்பார், சாயங்காலம் மகன் வருவான், மறுநாள் லாரி வரும்.

கீழே அவர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் ஒரு ஜீவன் என்னை அவ்வளவு தேடியதில்லை. நான் மறுபடி உட்கார்ந்து, அது ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பாதியில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.